கூத்தர் சட்டமும் அரசர் சட்டமும்

சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையிலே ஆடலாசிரியனது தகுதி கூறப்படுமிடத்துக் கூத்து இருவகைத்து என்னும் குறிப்பு வருகின்றது. அவ்விருவகை யாவை என்பதை உரையாசிரியர் அடியார்க்கு நல்லார் பல இணைகளாக விரித்துரைக்கின்றார். வேத்தியல், பொதுவியல் என்பது ஓரிணை. வசைக்கூத்து, புகழ்க்கூத்து என்பது மற்றோரிணை. பின்னைய இணை கற்போர் ஊன்றி நோக்கத் தக்கது. பழித்தலைக் கூத்திற்கு நேர்ந்த இழுக்கென்று அவர் ஒதுக்கினாரல்லர். புகழ்தலுக்கு நிகரானதொரு வகையாகவே எண்ணி வைத்தார். வேந்தனது அவையிலே தலைக்கோல் பெற்ற கலைமரபொன்று, வேந்தனையும் விடாத வசைக்கும் இலக்கண நூலில் இடம் ஒதுக்கியிருந்தமை சிறிய செய்தியன்று. காரைதீவிலே தோன்றிய விபுலானந்த அடிகள் மதங்க சூளாமணி என்னும் நூலின் வாயிலாகப் பழைய நாடக இலக்கணத்தை இக்காலத்தார் கண்முன் கொணர்ந்தார். அந்நூலைப் பயின்றவர்க்கு ஒரு வினா எழுதல் இயல்பே. வசைக்கூத்திற்கு இலக்கண நூலார் கொடுத்த இடத்தை அரசர் நூலார் கொடுத்தனரா?

இவ்வினாவை ஆராய்தற்கு மட்டக்களப்பு வழக்கிலுள்ள ஒரு சொல் பெரிதும் துணைபுரிகின்றது. வாவியின் இருமருங்கிலும், எழுவான்கரையிலும் படுவான்கரையிலும், கூத்துப் பழகத் தொடங்கும்போது நிகழும் சடங்கொன்றுக்குச் 'சட்டம் கொடுத்தல்' என்று பெயர். அண்ணாவியாரும் ஊர்ப் பெரியோரும் கூடி, குரலும் உடலும் நோக்கி, இன்னார்க்கு இன்ன வேடம் என்று வகுப்பர். வகுத்தபின் அவ்வேடத்திற்குரிய பாட்டுகள் எழுதிய ஏட்டைக் கூத்தன் கையிற் கொடுப்பர். அவ்வேடே சட்டம். எழுதுதற்கென்று வாரிச் செப்பஞ் செய்த ஓலைக்கும் சட்டம் என்னும் பெயர் உண்டு என்பதை அறிந்தார்க்கு இவ்வழக்கு வியப்பளிக்காது. ஆட்சியாளர் இயற்றுவதும் சட்டம். அண்ணாவியார் கொடுப்பதும் சட்டம். முன்னையது இதனைச் செய்யற்க என்று தடுப்பதற்கு. பின்னையது இதனை ஆடுக என்று ஏவுவதற்கு. இவ்விரு சட்டமும் ஒன்றையொன்று எதிர்கொண்ட வரலாறே ஈண்டு நோக்கப்படுவது.

சட்டம் பெற்ற கூத்தன் அன்றே ஆடிவிடுவதில்லை. கிழமைக்கொருமுறை களரியிற் கூடி ஆடிப் பழகுவது கிழமைக் கூத்து. ஓரளவு தேர்ந்தபின் சதங்கை அணிவிப்பர். பின்னரே அரங்கேற்றம். இம்மாதங்கள் முழுவதும் ஊரார் வந்து பார்ப்பர், பிழை கூறுவர், ஒருவன் குரல் தளர்ந்தாற் சிரிப்பர், மற்றொருவன் வரவு ஆட்டத்தில் அடி தவறினால் மறுநாட் காலையில் வயலிலே அதனைச் சொல்லிக் காட்டுவர். தணிக்கை என்னும் சொல்லை ஆள்வதாயின் இதுவும் ஒரு தணிக்கைதான். ஆயினும் இத்தணிக்கையாளர் மத்தளத்தின் பக்கத்திலே அமர்ந்து, ஆட்டத்தைக் கண்டு, பாட்டைக் கேட்டுத் தீர்ப்புக் கூறுவோர். ஏட்டை மட்டும் வாங்கிச் சென்று வீட்டிலிருந்து தீர்ப்பளிப்பாரல்லர். இவ்வூர்த் தீர்ப்பு குறையற்றது என்பதன்று. பெண் வேடத்தையும் ஆடவரே புனைந்த மரபு அது. எவர் எவ்வேடம் ஆடலாம் என்பதிற் சாதி நோக்கும் புகுந்ததுண்டு. ஆனால் ஆட்டத்தைப் பாராமல் ஆட்டத்தைப் பழித்த குறை அதனிடம் இல்லை.

ஏட்டிற்கும் களரிக்கும் இடையே உள்ள தூரம் சிறிதன்று. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962ஆம் ஆண்டிற் பதிப்பித்த அலங்கார ரூபன் நாடகம் என்னும் தென்மோடிக் கூத்து நூலைக் கையிலெடுத்துப் படிப்போர் இதனை எளிதில் உணர்வர். பதிப்பு சிறந்த பதிப்பே. எனினும் அச்சிட்ட தாளிலே மத்தளம் இல்லை, சல்லாரி இல்லை, ஒரே அடியை மும்முறை திரும்பப் பாடி மூன்றாம் முறையிற் குரலைத் தாழ்த்தும் கூத்தன் இல்லை. வட்டக் களரியைச் சூழ்ந்து நாற்புறமும் இருந்து காண்போரும் இல்லை. கூத்தின் உயிரிற் பெரும்பகுதி எழுத்துக்கு அகப்படாதது.

இதனினும் நுண்ணியது பிற்பாட்டு. கூத்தன் ஓரடியைப் பாடினால் அண்ணாவியாரின் பக்கத்தில் நிற்கும் பிற்பாட்டுக்காரர் அதனை ஏற்றுத் திரும்பப் பாடுவர். தருமன் பாடினாலும் அவர்களே பாடுவர். துரியோதனன் பாடினாலும் அவர்களே பாடுவர். சூதுக்கு அழைக்கும் சொல்லையும் அதனைப் பழிக்கும் சொல்லையும் ஒரே வாய் ஒரே இரவிற் பாடுகின்றது. அப்பிற்பாட்டுக்காரனைச் சூதாடத் தூண்டியவன் என்று குற்றஞ்சாட்டும் பேதை எவ்வூரிலும் இல்லை. எழுத்தறியாத பாட்டியும் அறிந்த இலக்கணம் இது. தொல்காப்பியர் செய்யுளியலிலே கூற்று, கேட்போர், களன், காலம், பயன், மெய்ப்பாடு, முன்னம் என்பனவற்றைச் செய்யுளின் உறுப்புகளாக அடுக்கிக் கூறினார். சொன்னவன் யார், கேட்டவர் யார், எவ்விடத்து, எக்காலத்து, எதன்பொருட்டு என்று தெளிந்த பின்னரே சொல்லின் பொருள் முற்றுப்பெறும் என்பது அவர் கொள்கை. இவருக்கு இவர் இவ்விடத்து இதனைக் கூறுதல் இயையும் என்று உய்த்துணர்தற்கு முன்னம் என்று தனிப்பெயரும் இட்டார். அரசர் சட்டம் கலையை எவ்வாறு படித்தது என்பதை அளத்தற்கு இவ்வுறுப்புகளினும் சிறந்த அளவுகோல் தேடவேண்டுவதில்லை.

நாடகத்தை ஏட்டளவிற் பிடிக்கும் முறை பிரித்தானியர் கண்டது. 1737இல் இலண்டனில், முதலமைச்சர் வால்போலை அரங்கிலே எள்ளி நகையாடியமை பொறாது, நாடகப் பிரதியை முன்கூட்டியே அரசவை அலுவலரிடம் ஒப்படைத்து இசைவு பெறவேண்டும் என்று சட்டம் இயற்றினர். வசை நாடகம் எழுதுவதில் வல்லவரான ஹென்றி பீல்டிங் அதன்பின் நாடகத்தைக் கைவிட்டு நாவல் எழுதப் புகுந்தார். ஆங்கில நாவலுக்கு அது நற்பேறு. ஆங்கில அரங்கிற்கோ நெடுங்காலம் தீராத இழப்பு. அவ்வலுவலரின் அதிகாரம் 1968இலேதான் ஒழிந்தது. குடியேற்ற நாடுகளுக்கு ஏற்றுமதியான சட்டமோ தாய்நாட்டுச் சட்டத்தினும் நீண்ட ஆயுள் பெற்றது. வேல்சு இளவரசரைத் தம் இல்லத்தில் வரவேற்ற கல்கத்தாப் பிரமுகர் ஒருவரை நகையாடி நாடகம் ஆடியதே 1876ஆம் ஆண்டு இந்திய நாடகச் சட்டத்திற்கு உடனடிக் காரணம். அவுரி பயிரிட்ட உழவர் துயரைக் கூறிய தீனபந்து மித்திரரின் நீல தர்ப்பணம் 1860இலேயே ஆட்சியாளர் உள்ளத்தில் அச்சத்தை விதைத்திருந்தது. அதன் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்ட பாதிரியார் ஜேம்சு லோங் சிறை சென்றார். இலங்கையிலும் 1912இல் பொது அரங்காற்றுகைகளை ஆளும் கட்டளைச் சட்டம் ஒன்று பிறந்தது. நாடகப் பிரதியை ஒரு சபையின் பார்வைக்கு அனுப்பி அனுமதி பெறும் வழக்கம் அதன் நிழலிலே வேரூன்றி, சுதந்திரத்தின் பின்னரும் நெடுங்காலம் நிலைத்தது.

இச்சட்டங்கள் யாவும் ஒரே எண்ணத்தின் மேல் எழுந்தவை. நாடகம் என்பது அதன் எழுத்து. எழுத்தைத் திருத்தினால் நாடகம் திருந்தும் என்பதே அவ்வெண்ணம். களரியை அறிந்தோர் இதனைக் கேட்டால் நகைப்பர். தமிழகத்து நடிகர் நகைத்ததோடு நில்லாது அதனைப் பயன்படுத்தியும் கொண்டனர்.

வெ. சாமிநாத சர்மா ஸ்கொத்லாந்து வீரன் ரொபேட் புரூசின் கதையைத் தழுவிப் பாணபுரத்து வீரன் என்னும் நாடகம் எழுதினார். ஆங்கில அரசு அதனைத் தடை செய்தது. டி. கே. எஸ். சகோதரர் அதனையே தேசபக்தி என்று பெயர் மாற்றி மேடையேற்றினர். ஏட்டின் பெயர் மாறியதும் காவலர் கண்ணுக்கு ஏடே மாறிவிட்டது! இதனை வெறுந் தந்திரம் என்று ஒதுக்குதல் தகாது. எழுத்தை மட்டும் நோக்கும் சட்டத்திற்கு எழுத்தினாலேயே விடை கூறிய நாகரிகம் அதிலுண்டு.

எழுத்துக்கு அப்பாற் சென்று விடை கூறியவர் விசுவநாததாசர். 1886இற் பிறந்த இந்நடிகர் வள்ளி திருமணத்தில் முருகன் வேடம் புனைவதிற் பெயர் பெற்றவர். வள்ளி திருமணத்தின் பிரதியை எத்துணை முறை புரட்டினும் அரசுக்கு ஒவ்வாத சொல் ஒன்றும் அகப்படாது. வள்ளி தினைப்புனங் காக்கிறாள், முருகன் வேடனாய் வருகிறான், விருத்தனாய் வருகிறான். இதிலே ஆட்சியாளர்க்கு என்ன அச்சம்? ஆனால் மேடையேறிய தாசர் முருகன் வேடத்திலேயே விடுதலைப் பாடல்களைப் பாடுவார். பறவையை விரட்டும் பாட்டு அன்னியரை விரட்டும் பாட்டாய்க் கேட்போர் செவியில் மாறும். பறவை என்று சொன்னவன் முருகன். கேட்டவர் அடிமைப்பட்ட குடிமக்கள். களன் திருவிழாக் கூடிய மேடை. காலம் ஒத்துழையாமைக் காலம். தொல்காப்பியர் அடுக்கிய உறுப்பெல்லாம் அங்கே ஒருங்கே நின்று பொருள் தந்தன. எழுத்து மட்டும் ஒன்றும் தரவில்லை. காவலர் அவரைப் பன்முறை சிறைப்படுத்தினர். சிறையினின்று வந்தவர் மீண்டும் அதே வேடத்தில் அதே பாட்டைப் பாடினார். 1940ஆம் ஆண்டு திசம்பர் 31ஆம் நாள் இரவு சென்னையில், முருகன் கோலத்தோடு மேடையிலேயே அவர் உயிர் பிரிந்தது. அவர் எவரையும் தாக்கினாரல்லர், கல்லெடுத்தாரல்லர். தம் தொழிலை விடாது செய்தமையே அவர் செய்த கிளர்ச்சி.

தாசர் கதையிலே மற்றொரு செய்தி அடங்கியுள்ளது. ஏட்டிலே குற்றம் காணமுடியாத அரசு ஏட்டைக் கைவிட்டு ஆளைப் பிடித்தது. பிற்காலத்தில் நிகழவிருந்தவற்றிற்கெல்லாம் இதுவே முன்மாதிரி.

அன்னிய ஆட்சி அகன்றதும் இக்குறை அகலும் என எதிர்பார்த்தோர் ஏமாந்தனர். 1954இற் சென்னை அரசு தானே ஒரு நாடகச் சட்டம் இயற்றியது. எம். ஆர். இராதா நடத்திய இராமாயண நாடகமே அதற்குக் குறி என்பது பரவலாக அறியப்பட்ட செய்தி. இங்கே இந்து சமயத்தைச் சார்ந்த கற்றோர்க்கு ஒரு சோதனை நேர்கின்றது. இராதாவின் நாடகம் அவர்தம் மனத்தைப் புண்படுத்துவது. இராமகாதையை இல்லந்தோறும் ஓதுவோர் அதனைக் கண்டு மகிழ்தல் இயலாது. அதனை வசை என்றே கொள்வர். ஆயின் வசைக்கூத்தும் கூத்தே என்று எழுதிவைத்த உரைமரபும் அவர்க்கே உரியதன்றோ? தமக்கு இனியது ஆடப்படும்போது மட்டும் கலையுரிமை பேசுவோர் கலையுரிமை பேசுவோரல்லர். இராதாவைக் கருதி இயற்றிய சட்டம் அவரோடு முடிந்ததுமில்லை. அரை நூற்றாண்டு கடந்தும், இராமனைப் பற்றி ஒரு சொல்லும் பேசாத சிறு நாடகக் குழுக்களும் தம் பிரதியைக் காவல் நிலையத்திற் கொடுத்து இசைவுக்குக் காத்திருக்க நேர்ந்தது. பரீக்‌ஷா என்னும் குழுவை நடத்திய ஞாநி அச்சட்டத்தை எதிர்த்து வழக்காடினார். 2013இற் சென்னை உயர் நீதிமன்றம் அதன் முதன்மையான பிரிவுகளை அரசியலமைப்புக்கு முரணானவை என்று தள்ளுபடி செய்தது. 1876ஆம் ஆண்டுச் சட்டத்தை இந்தியப் பாராளுமன்றம் நீக்குதற்கு 2017 வரை சென்றது. நாடகக்காரர் ஒருவர் நீதிமன்றப் படியேறியதும் அமைதியான எதிர்ப்பேயாகும். அதிலே பாட்டு இல்லை என்பது மட்டுமே வேறுபாடு.

ஈழத்திற்கு மீள்வோம். 1961ஆம் ஆண்டின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் கச்சேரி வாயில்களிலே அறப்போர் நிகழ்ந்தது. மக்கள் அமைதியாக அமர்ந்திருந்தனர். ஏப்பிரல் மாதத்தில் அவசர நிலை பிறப்பிக்கப்பட்டுப் படையைக் கொண்டு அது முடிவுறுத்தப்பட்டது. அடுத்த ஆண்டு, 1962இல், வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு மட்டக்களப்பு வடமோடியிலே கர்ணன் போர் ஆடுவித்தார். முன்னையது பின்னையதற்குக் காரணம் என்று கூறுதல் மிகைக்கூற்றாகும். கூத்தை அழியாது காத்தலே அவர் நோக்கம். எனினும் அமர்ந்திருந்து சொன்ன சொல் செவியேறாத காலத்திலே ஆடிச் சொல்லும் கலையொன்று நகரத்து மேடைக்கு வந்தது என்பது காலவரிசை காட்டும் உண்மை. 1965இல் இராவணேசன் அரங்கேறியது. சீலாமுனையிற் பிறந்து, அப்போது மாணவராயிருந்த சி. மௌனகுரு இராவணனாக ஆடினார்.

இராவணேசனைப் பற்றிச் சிறிது விரித்துரைத்தல் தகும். விடியும்வரை ஆடும் கூத்து ஒன்றரை மணி நேர அளவிற் சுருங்கியது. வட்டக் களரியை விட்டுப் படச்சட்ட மேடைக்கு ஏறியது. சட்டம் என்னும் சொல் இங்கே மூன்றாம் முறையாக வந்து நிற்கின்றது. நாற்புறக் காட்சி ஒருபுறக் காட்சியானதால் கூத்து இழந்தது பெரிது, பெற்றதும் உண்டு. பழங் கூத்துகளில் இராவணன் வரவின் ஆரவாரமே முதன்மை. இந்நாடகத்திலோ தோல்வி தெரிந்தும் பணிய மறுக்கும் ஒருவனின் உள்ளமே பொருளாயிற்று. கம்பனது யுத்த காண்டத்திற் புதைந்து கிடந்த அவலச் சுவை ஆட்டத்தினால் வெளிப்பட்டது. பிற்காலத்திற் போரின் நடுவே கிழக்குப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு மௌனகுரு அதனை மீண்டும் ஆடுவித்தபோது, பணிய மறுத்தலும் பேரழிவும் மனைவியின் புலம்பலும் அவையோர்க்குப் புராணமாய் இருந்திருக்க முடியாது. ஒரு சாராருக்கு இராவணன் மறம் தெரிந்திருக்கும். மறு சாராருக்கு மண்டோதரியின் கண்ணீர் தெரிந்திருக்கும். எந்தத் தணிக்கையாளர் எந்த வரியை வெட்டி இதனைத் தடுத்திருக்கக் கூடும்? மௌனகுருவின் சங்காரம் 1969இல் வடமோடி ஆட்டத்தைச் சமுதாய ஏற்றத்தாழ்வை எதிர்க்கும் கருவியாக்கியது. அதிலே பொருள் வெளிப்படையானது. வெளிப்படையானதாலேயே இராவணேசனின் ஆழம் அதற்கு வாய்க்கவில்லை எனலாம். அதன் துணிவு வேறு வகையானது.

போர்க்காலத்திற் கூத்துக்கு நேர்ந்த தடைக்கு ஏடும் வேண்டியதில்லை, சபையும் வேண்டியதில்லை. இரவெல்லாம் ஆடும் கலைக்கு ஊரடங்கு ஒன்றே போதிய தணிக்கையாயிற்று. ஊர் பெயர்ந்தபோது களரியும் பெயர்ந்தது. மத்தள ஒலி எட்டுமிடமெல்லாம் சோதனைச் சாவடி இருந்த நாட்களில் அண்ணாவியார் பலர் வாளாவிருந்தனர்.

இவ்விடத்தில் ஒரு பக்கத்தை மட்டும் சொல்லி மறுபக்கத்தை மறைப்பது ஆராய்ச்சி ஆகாது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நாடகமும் அரங்கியலும் பயின்ற கவிஞர் செல்வி 1991 ஆகத்தில் விடுதலைப் புலிகளாற் பிடித்துச் செல்லப்பட்டார். மறு ஆண்டு உலக எழுத்தாளர் கழகம் அவருக்கு விருதளித்தபோது அதனைப் பெற அவர் வரவில்லை, பின்னரும் வரவில்லை. அரசு கலைஞனை அடக்கியபோது குரலெழுப்பிய தமிழ் ஏடுகளிற் பல, செல்வி வகையிலே அடக்கம் காத்தன. அவ்வடக்கம் அச்சத்தால் வந்தது என்பது உண்மையே. எனினும் அச்சத்தை விளைத்தவர் யார் என்று வினவினால் விடை கொழும்பில் மட்டும் இல்லை.

தென்னிலங்கைக் கலைஞரும் இவ்வல்லலுக்குத் தப்பினாரல்லர். போரில் மாண்டதாகக் கூறப்பட்ட மகனது பெட்டியைத் திறந்து பார்க்கும் குருட்டுத் தந்தையைப் பற்றிப் பிரசன்ன விதானகே எடுத்த புரஹந்த களுவர என்னும் திரைப்படத்தை 2000ஆம் ஆண்டில் அரசு திரையிட விடாது நிறுத்தியது. அவர் உயர் நீதிமன்றத்தை நாடினார். 2001இல் அது திரையிடப்பட வேண்டும் என்று தீர்ப்பாயிற்று, இழப்பீடும் வழங்கப்பட்டது. 2022இற் காலிமுகத் திடலிலே மாதக்கணக்காய் நிகழ்ந்த கிளர்ச்சியிற் பாடகரும் ஓவியரும் நடிகரும் கலந்துகொண்டனர்; யூலை 22ஆம் நாள் விடியுமுன் படையினர் புகுந்து அவ்விடத்தைக் கலைத்தனர். அதே திடலில் 1956 யூன் 5ஆம் நாள் அமைதியாக அமர்ந்திருந்த தமிழர் தாக்குண்டதை அறிந்தோர்க்கு இவ்விரண்டையும் இணைத்துப் பாராதிருத்தல் அரிது.

ஆளைப் பிடிக்கும் முறை இன்னும் கூர்மையடைந்தது. சிங்களச் சிறுகதையாசிரியர் சக்திக சத்குமார ஒரு சிறுகதையின்பொருட்டு 2019 ஏப்பிரலிற் கைதானார். குடியியல், அரசியல் உரிமைகளுக்கான உலக உடன்படிக்கையை நாட்டிலே நடைமுறைப்படுத்த 2007இல் இயற்றிய சட்டத்தைக் கொண்டே அவரைச் சிறைப்படுத்தினர். உரிமை காக்க வந்த சட்டம் உரிமையைப் பறிக்க உதவிய விந்தையை வசைக்கூத்துப் புலவரும் கற்பனை செய்திரார்.

அஹ்னாப் ஜசீம் என்னும் இளங்கவிஞரின் வழக்கு தமிழ் கற்பிப்போர் ஒவ்வொருவரும் ஆராயவேண்டியது. ஏனெனில் அது முழுக்கவும் தமிழ்க் கவிதையைப் படிக்கும் முறை பற்றிய வழக்கு. மன்னார்ப் பகுதியைச் சேர்ந்த இவர் ஆசிரியராகப் பணியாற்றியவர். 2017இல் நவரசம் என்னும் கவிதைத் தொகுதியை வெளியிட்டார். 2020 மே 16ஆம் நாள் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ்க் கைதானார். தற்காலிக ஏற்பாடு என்று பெயரிட்டு 1979இல் இயற்றிய சட்டம் அது. நாற்பது ஆண்டு கடந்தும் ஒரு கவிதை நூலின்மேற் பாய்ந்தது. தீவிரவாதத்தை ஊட்டும் கவிதைகள் என்பது குற்றச்சாட்டு. அக்கவிதைகள் வன்முறையையும் தீவிரவாதத்தையும் கண்டிப்பவை, பிழையாகப் பொருள்கொள்ளப்பட்டவை என்பதை மனித உரிமை அமைப்புகள் தொடக்கத்திலேயே எடுத்துக்காட்டின.

நூலின் பெயரையேனும் நோக்கியிருக்கலாம். தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டென்றார். ஒன்பதாவதாகச் சாந்தத்தைச் சேர்த்தெண்ணுவது நவரசக் கொள்கை. வெகுளியும் இழிவரலும் அச்சமும் சுவைகளாதலின், ஒன்பது சுவையையும் பாடப் புகுந்த தொகுதியில் அவற்றிற்கும் இடம் இருந்தே தீரும். வெகுளிச் சுவையைப் பாடியவன் வெகுண்டவனாவது எங்ஙனம்? வீரச் சுவையைப் பாடியவன் படைக்கலம் எடுத்தவனாவது எங்ஙனம்? வன்முறையாளனது கொடுமையைக் காட்டும் கவிதையில் வன்முறையாளனும் அவன் சொல்லும் வருதல் தவிர்க்க முடியாதது. கூற்று எவருடையது என்று வினவாது சொல்லை மட்டும் பொறுக்கியெடுத்துக் கவிஞனின் வாயில் வைத்தல், துரியோதனன் பாட்டைப் பாடிய பிற்பாட்டுக்காரனைச் சூதாடி என்று பிடிப்பதற்கு ஒப்பாகும். தமிழாசிரியர் தம் வகுப்பிலே இவ்வாறு உரை எழுதும் மாணவனுக்குப் புள்ளி கொடார். அத்தகைய உரையின்மேல் ஒரு மனிதனின் ஆண்டுகள் சென்றன. 2021 திசம்பரிற் பிணையில் வந்தார். 2023 திசம்பரிற் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரைக் குற்றமற்றவர் என விடுவித்தது.

இவ்வழக்கிலே கசப்பூட்டுவது பிறிதொன்று. தமிழ் கற்றோர் பலர் நாட்டிலே இருக்க, நூல் எல்லார்க்கும் எட்டும் மொழியிலே இருக்க, அதனை வாங்கி முழுதும் படித்துத் திறனாய்வு எழுதினோர் தொடக்கத்தில் மிகச் சிலரே. உயிர்த்த ஞாயிறு நாளிற் குண்டு வெடித்த 2019இன் பின்னர், முசுலிம் இளைஞன் ஒருவனது கவிதையைப் படித்து நன்றென்பதற்கே துணிவு வேண்டியிருந்தது. மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலே பிள்ளைகளை இழந்த ஊர். அதன் அச்சம் பொய்யன்று. ஆயினும் நவரசத்தின் கவிஞன் கண்டித்ததும் அக்கொடுமை போன்றவற்றையே. படித்திருந்தால் அது தெரிந்திருக்கும். வாவியின் ஒரு கரையில் ஒரு மொழியிலே பேசும் இரு சமயத்தார் ஊரூராய் அடுத்தடுத்து வாழும் நாட்டில், ஒருவர் எழுதியதை மற்றவர் படியாமை எவரும் தடைபோட்டு வந்ததன்று.

சிறையிலிருந்து மீண்டபின் அவர் என்ன எழுதுகிறார், எவ்வாறு எழுதுகிறார் என்பதே திறனாய்வாளர் இனி நோக்கவேண்டியது. நவரசமும் இன்னும் ஒழுங்கான திறனாய்வுக்குக் காத்திருக்கின்றது. இதுவரை அதனைப் பற்றி எழுந்த எழுத்திற் பெரும்பகுதி அது குற்றமா அன்றா என்பதைப் பற்றியதே. அது நல்ல கவிதையா, எச்சுவை அதிலே நன்கமைந்தது, எது தளர்ந்தது, யாப்பு எங்கே இடறுகின்றது என்னும் கேள்விகள் வழக்குக் கட்டுகளின் அடியிலே கிடக்கின்றன. கிழமைக் கூத்திலே அடி தவறிய கூத்தனை மறுநாட் காலையில் வயலிலே வைத்துத் திருத்தும் ஊரார், அக்கேள்விகளைக் கேட்கத் தெரிந்தவர்கள்.